முதல் கெடாமல்: நெல்லையில் மனை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றுப் பாடம்



பதிவு நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "சார், நம்ம ஊர்ல அஞ்சு சென்ட் மனை ஒண்ணு வருது, வாங்கிப் போடலாமா?" துபாயிலிருந்து ஒருவன் கேட்கிறான், சென்னையிலிருந்து ஒருத்தி கேட்கிறாள். ஊரில் நமக்கென்று ஒரு இடம் வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், கையில் இருக்கும் காசைப் பத்திரமாகப் போட்டு வைக்கலாம் என்ற கணக்கு இன்னொரு பக்கம். இரண்டும் நியாயம்தான்.

நான் புரோக்கரும் இல்லை, வக்கீலும் இல்லை. வரலாறு நடத்தியவன். அடுத்த வருஷம் விலை ஏறுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வாங்கப்போகும் நிலம் நேற்று என்னவாக இருந்தது என்று எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லித்தர முடியும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அதுதான் முதல் பாடம்.

முதலீடு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டு ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டு, வரகுண பாண்டியன் காலம். கோயிலில் அன்றாடம் அமுது படைப்பதற்காக மன்னன் 290 காசு கொடுக்கிறான். கோயில் கையில் கொடுக்கவில்லை. இளங்கோய்க்குடி சபையாரிடம் ஒப்படைக்கிறான். நிபந்தனை என்ன தெரியுமா? முதல் அப்படியே இருக்க வேண்டும். ஒரு காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 580 கலம் நெல். செலவெல்லாம் அந்த நெல்லிலிருந்து மட்டும்தான்.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஒன்று, முதல் கெடக்கூடாது. இரண்டு, முதல் சும்மா கிடக்கக்கூடாது. இன்றைக்கு மனை வாங்குபவர்கள் லாபத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். முதல் எப்படிக் கெடும் என்று யோசிப்பவர்கள் குறைவு. நிலத்தில் போட்ட முதல் நான்கு வழியில் கெடும். தண்ணீரால், பழைய உடைமையால், குடும்பத்தால், காகிதத்தால். நான்குக்கும் நம் மாவட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு.

முதலில் தண்ணீர்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. அரியநாயகிபுரத்தில் பிரிவது கோடகன் கால், பழவூரில் பிரிவது பாளையங்கால், சுத்தமல்லியில் பிரிவது நெல்லைக் கால். இந்தக் கால்கள் நேராக வயலுக்கு மட்டும் போகவில்லை. வழியில் குளங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. சங்கிலி மாதிரி.

இப்போது ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கொக்கிரகுளம், நயினார்குளம், வேய்ந்தான்குளம். புதிய பேருந்து நிலையத்துக்கே வேய்ந்தான்குளம் என்றுதானே பெயர்! பெயர் பொய் சொல்லாது. ஒரு பகுதியின் பெயரில் குளம், ஏரி, மடை, மறுகால், பள்ளம் என்று ஏதாவது இருந்தால், "நகர்" என்று புதுப் பெயர்ப்பலகை வைத்தாலும் தண்ணீருக்குப் பழைய பெயர்தான் ஞாபகம் இருக்கும்.

1992 நவம்பர் வெள்ளத்தை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் தவித்தார்கள். நெல்லை சந்திப்புப் பகுதி மூழ்கியது. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையே தண்ணீர் சூழ்ந்தது. மாவட்டத்தின் நிலக் கணக்கு முழுவதையும் கையில் வைத்திருக்கும் அலுவலகத்துக்கே அந்தக் கதி என்றால், நீர்ப்பிடிப்பில் மண் அடித்து மேடாக்கிய மனையில் வீடு கட்டுபவருக்கு என்ன கதி?

ஆகவே, மனையைச் சித்திரை வெயிலில் பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். பக்கத்தில் டீக்கடை இருந்தால், 2023ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் வாங்கி, சுற்றியுள்ள சர்வே எண்களில் கால்வாய், ஓடை, குளம் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மனை சுத்தமான பட்டா நிலமாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்து எண் மறுகால் என்றால், மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றுதான். நீர்நிலைகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நீதிமன்றங்களும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. குளத்துப் புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் இருந்தாலும் அது உங்கள் இடம் ஆகிவிடாது.

இரண்டாவது, பழைய உடைமை.

நிலம் என்றால் ஒருவருக்குச் சொந்தம், அவர் விற்பார், நாம் வாங்குவோம் என்று நினைக்கிறோம். இந்த வழக்கம் எல்லா நிலத்துக்கும் வந்து சேர்ந்தது மிகச் சமீபத்தில்தான். சேரன்மகாதேவி சோழர் காலத்தில் நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம். அதாவது பிரமதேயம். வேறு சில ஊர்கள் தேவதானம், கோயிலுக்கு விட்டவை. மேற்கிலும் வடக்கிலும் பாளையக்காரர்கள். ஒரே வயலில் மேல்வாரம் ஒருவருக்கு, குடிவாரம் இன்னொருவருக்கு. நிலத்தை அளந்ததுகூடச் சென்ட் கணக்கில் இல்லை, கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்றுதான்.

1801ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. அடங்கிப்போன பாளையங்கள் ஜமீன்கள் ஆயின. சிங்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி, எட்டயபுரம் எல்லாம் அப்படி வந்தவை. மற்ற இடங்களில் ரயத்துவாரி. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் தனியாருக்கும் விட்ட இனாம்களை 1858ல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவு செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1963ல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள். அதற்குப் பிறகுதான் இந்த நிலங்களும் ரயத்துவாரிக்குள் வந்து, விசாரணை நடந்து, யார் யாருக்குப் பட்டா என்று தீர்மானமானது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த விசாரணையில் கோயிலுக்கு என்று முடிவான நிலங்கள் இன்றும் கோயில் நிலங்கள்தான். நாலு கை மாறி, நாலு பத்திரம் பதிவாகி இருந்தாலும் சரி. 1959ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையத்துறைச் சட்டம் 34வது பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. நம் பள்ளத்தாக்கில் நெல்லையப்பர் கோயில் தொடங்கி ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் நிலம் உண்டு. அ-பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய தாய்ப்பத்திரத்தில் "இனாம்", "தேவதாயம்", "கட்டளை", "சத்திரம்" என்று ஒரு சொல் தென்பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். வக்கீலிடம் காட்டி அது எப்படித் தீர்ந்தது என்று தெரிந்த பிறகு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

அனுபவம் வேறு, உடைமை வேறு என்பதற்கு நம் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் சுமார் 8,400 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டங்கள் வந்தன. 1952ல் ஜமீன் போய்விட்டது. குத்தகை போகவில்லை. தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில் வாழ்ந்தார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே பேரன் பேத்தி கண்டார்கள். குத்தகை 2028ல் முடிகிறது. 2024ல் நிறுவனம் தோட்டத்தை மூடும் வேலையைத் தொடங்கியபோது, அத்தனை வருஷம் விளக்கேற்றிய வீட்டில் ஒரு சென்ட்கூட அவர்களுக்குச் சொந்தம் இல்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை. அந்த மக்களுக்கு மாற்று இடம் கிடைக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. நமக்கான பாடம் இது: "நாங்க அம்பது வருஷமா இங்கதான் இருக்கோம்" என்று விற்பவர் சொன்னால், அது அனுபவத்துக்குச் சாட்சி. விற்கும் உரிமைக்குச் சாட்சி வேறு வேண்டும்.

மூன்றாவது, குடும்பம்.

சொன்னால் வருத்தப்படாதீர்கள், நம் பக்கத்துப் பத்திரங்களில் பெண்பிள்ளைகளைக் காணோம். அப்பா இறந்ததும் அண்ணன் தம்பி மூன்று பேர் பாகம் பிரித்துக்கொள்வார்கள். "தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் பங்கு தரத் தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தியது. 2005ல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. ஆகவே கையெழுத்துப் போடாத அக்கா தங்கை ஒருத்தி இருந்தால், வழக்கு பத்து வருஷம் கழித்துக்கூட உங்கள் வாசலுக்கு வரலாம். அவள் கேட்பது அவளுக்குரியதைத்தான்.

விற்பவரின் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. அந்தந்தச் சட்டப்படி பங்குதாரர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் மாணவிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள். விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

நான்காவது, காகிதம்.

பட்டாவும் பத்திரமும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் வெவ்வேறு வரலாற்றில் பிறந்தவை. பட்டா வரி வசூலுக்காக வருவாய்த்துறை வைத்த கணக்கு. பத்திரம் கைமாற்றத்துக்குப் பதிவுத்துறை வைத்த கணக்கு. இன்று நடப்பில் உள்ள பதிவுச் சட்டம் 1908ஆம் வருஷத்தது. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்து தருகிறார். விற்பவருக்கு உரிமை இருக்கிறது என்று அவர் உத்தரவாதம் எதுவும் கொடுப்பதில்லை. இது தெரியாமல்தான் "ரிஜிஸ்டர் ஆயிருச்சு, இனி பயம் இல்ல" என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

பட்டாவிலும் சிக்கல் உண்டு. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று ஒரு திட்டம் நடந்தது. நிலக் கணக்குகளை நேர்ப்படுத்தும் நல்ல நோக்கம்தான். ஆனால் லட்சக்கணக்கான கணக்குகளை எழுதும்போது பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பக்கத்து வயல்காரர் பெயர் ஏறியது என்று பிழைகளும் சேர்ந்துகொண்டன. அந்தப் பிழைகள் அப்படியே கம்ப்யூட்டருக்கும் போயிருக்கின்றன. ஆகவே பத்திரம், பட்டா, புல வரைபடம் மூன்றிலும் பெயரும் பரப்பும் நான்கு எல்லையும் ஒத்துப்போகின்றனவா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது வருஷத்துக்குப் போடுங்கள். அதில் பதிவான விஷயம் மட்டும்தான் வரும். பதியாத உயிலோ வாய்மொழிப் பாகமோ வராது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு "இதுவே கிரயம் மாதிரி" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது உடைமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி மனைப்பிரிவு. 1843ல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம்தான் நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைத்தது. அந்த இரண்டு ஊரும் மேலப்பாளையம், தச்சநல்லூரோடு சேர்ந்து 1994ல் மாநகராட்சி ஆனது. இடைப்பட்ட காலத்தில்தான் நம் குடியிருப்புகள் வளர்ந்தன. என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர் என்ற பெயர்களிலேயே சம்பளக்காரர்களின் கதை இருக்கிறது. குமாஸ்தாவும் பேருந்துக் கழக ஊழியரும் வாத்தியாரும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல்முறையாக மனைக்காரர்கள் ஆனார்கள். அவர்கள் வாங்கியது குடியிருக்க.

அதற்குப் பிறகு வந்தது கல் நட்டு விற்கும் காலம். வயலில் நாலு கல், ஒரு வளைவு, ஒரு பிளக்ஸ். முறையான அங்கீகாரம் இல்லாத மனைகள் தமிழ்நாடு முழுவதும் பெருகின. 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதியத் தடை விதித்தது. அன்றைக்குத்தான் பலருக்குத் தங்கள் மனை எந்த வகை என்றே தெரிந்தது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவர்கள் விற்க முடியாமல் நின்றார்கள். பிறகு 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்பனையான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்ய வழி பிறந்தது. அதே 2017ல் ரெரா சட்டமும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக்கூடாது.

ஆகவே டி.டி.சி.பி. எண்ணும் ரெரா எண்ணும் கேளுங்கள். கொடுத்தால் அப்படியே நம்பாமல் அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்பது போதாது. மனைப்பிரிவின் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கின்றனவா என்றும் கேளுங்கள். ஆகவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் ரோடு இன்னொருவர் சொத்து.

கடைசியாகக் கணக்கு. வரகுணனின் இரண்டாவது நிபந்தனை, முதல் சும்மா கிடக்கக்கூடாது என்பது.

10 லட்சத்துக்கு மனை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அன்றைக்கே 90,000 ரூபாய் போயிற்று. புரோக்கர், வக்கீல், கல் நடுதல், வேலி என்று மேலே கொஞ்சம். வாங்கிய மனை உங்களுக்கு மாதா மாதம் ஒரு பைசா தராது. "பத்து வருஷத்துல ரெண்டு மடங்கு ஆயிரும் சார்" என்பார்கள். ஆகலாம். ஆனால் பத்து வருஷத்தில் இரட்டிப்பு என்றால் கூட்டு வட்டியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சதவீதம்தான். அதற்காக 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் யாருக்கு லாபம்? 40 லட்சத்துக்கு வீடு கட்டி மாதம் 10,000 வாடகைக்கு விட்டால், வருஷத்துக்கு 1,20,000. அது 3 சதவீதம். இதில் வெள்ளையடிப்பு, வீட்டு வரி எல்லாம் கழிக்க வேண்டும்.

அதற்காக வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்றால் இந்தக் கணக்குக்கு அப்பாற்பட்டது அது. நிம்மதிக்கு வட்டி விகிதம் கிடையாது. ஆனால் முதலீடு என்று இறங்கினால் முதலீடாகவே கணக்குப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்த காசை மனையில் போடாதீர்கள். நிலத்தை நினைத்த நாளில் விற்க முடியாது. அவசரத்துக்கு விற்றால் கேட்ட விலைக்குத்தான் போகும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஊருக்கு வரும்போது போய் நின்று எல்லைக் கல் நான்கும் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வக்கீலுக்குக் கொடுங்கள். விற்பவர் காட்டும் வக்கீலாக இல்லாமல் நீங்களாகத் தேடிய வக்கீலாக இருக்கட்டும். "இன்னைக்கு டோக்கன் போடலைன்னா நாளைக்குக் கிடைக்காது" என்று யாராவது அவசரப்படுத்தினால், கிடைக்காமலே போகட்டும். வரகுணன் காலத்திலிருந்து இங்கேயே கிடக்கும் நிலம், நீங்கள் நாலு காகிதம் படித்து முடிக்கும் வரை எங்கும் ஓடிப்போகாது.

குளத்து நிலமும் கோயில் நிலமும் மலிவாக வந்தாலும் வேண்டாம். அந்த விலை மலிவாக இருப்பதற்குக் காரணம், மீதி விலையை மழைக்காலத்தில் கீழ்த்தெருக்காரன் கொடுப்பதுதான்.

யாருக்காவது பத்திரத்தில் பழைய சொற்கள் புரியவில்லை என்றால் அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன். கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்